கேம்பிரிட்ஜில் ஒரு கண்ணாடிப் பூசணித் தோட்டம்

செப்டம்பர் கடைசியில் பாஸ்டன் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் போவார்கள். நான் போனது பூசணிக்காய் வாங்க. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் ஊரில், எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், கிரெஸ்கி அரங்கத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கண்ணாடிப் பூசணிகளைக் காட்சிக்கு வைத்து விற்கிறார்கள். எல்லாம் கையால் ஊதிச் செய்தவை. ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். செய்தவர்கள் அங்கே கண்ணாடி ஊதக் கற்றுத்தரும் கூடத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும்தான். வரும் பணமும் அந்தக் கூடத்துக்கே போகிறது.

அண்ணன் வீடு பர்லிங்டனில். அண்ணியும் நானும் ஏல்வைஃப் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ரெட் லைன் ரயிலில் கெண்டல் வந்து இறங்கினோம். அங்கிருந்து வளாகத்தின் ஊடாக நடந்தால் முடிவில்லாத் தாழ்வாரம் என்று பெயர்பெற்ற அந்த நீண்ட நடை வரும். கால் கிலோமீட்டர் நீளம். அதைக் கடந்து மாசச்சூசெட்ஸ் அவென்யூவைத் தாண்டினால் புல்வெளி. ஈரோ சாரினென் வடிவமைத்து 1955இல் திறக்கப்பட்ட கிரெஸ்கி அரங்கம் எதிரே நிற்கும். ஒரு கோளத்தை எட்டாக வெட்டி ஒரு துண்டை மட்டும் மூன்று முனைகளில் நிறுத்திவைத்த கட்டடம் அது. அந்த வளைந்த கூரைக்குக் கீழே உருண்டை உருண்டையாகப் பூசணிகள் கிடப்பது அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

வெள்ளி மாலை பார்வைக்கு மட்டும். எதையும் வாங்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாங்க முடியாது என்றானதும் மனிதர்கள் நிதானமாகப் பார்க்கிறார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பூசணிக்கும் பக்கத்தில் புல்லின்மேல் அதன் நிறத்திலேயே ஓர் ஒளித்திட்டு விழுகிறது. ஆரஞ்சுக்கு ஆரஞ்சு, நீலத்துக்கு நீலம். பூசணியைவிட்டு அந்தத் திட்டையே தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குழந்தை. அதன் அப்பா தடுக்கவில்லை. நல்ல மனிதர்.

ஆரஞ்சு நிறத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமில்லை, ஆனால் அது சிறுபான்மை. கோபால்ட் கலந்த ஆழ்ந்த நீலம், செம்பு தரும் மயில்கழுத்து நிறம், மாங்கனீசு ஊதா, பால்வெள்ளையில் கரும்புள்ளிகள், உள்ளே வெள்ளைக் கோடுகள் முறுக்கிச் செல்லும் நிறமற்ற கண்ணாடி என்று எல்லாம் இருந்தன. உள்ளங்கையில் அடங்குவதிலிருந்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கவேண்டியது வரை அளவுகள். சிறியவை சில பத்து டாலர்கள். பெரியவை சில நூறு.

ஒரு பூசணி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் புல்வெளி வேறு மாதிரி தெரியும். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் ஊதுவதை முன்பே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயிரத்து நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலையிலிருந்து நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கண்ணாடியைச் சுருட்டி எடுப்பார்கள். அது கம்பிப் பதத்தில் இருக்கும் வெல்லப்பாகு மாதிரி ஒழுகும்; குழாயை ஒரு கணம் சுற்றாமல் நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அதனால் சுற்றுவது நிற்கவே கூடாது. நிறக்கண்ணாடித் தூளிலோ துகளிலோ அதை உருட்டி, உள்பக்கம் வரிப்பள்ளங்கள் வெட்டிய உலோக அச்சுக்குள் இறக்கி ஊதினால் பூசணியின் வரிகள் பதியும். ஆறிப்போகும் முன் மறுபடி சூடு, மறுபடி ஊதல். நனைத்து மடித்த செய்தித்தாள் கத்தையை வெறும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்தச் செந்தணல் உருண்டையை அதன்மேல் சுழற்றி வடிவம் கொடுப்பார்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் எழும் நீராவிதான் கையைக் காக்கிறது. புகைந்த காகித வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

தண்டு கடைசியில். அதுதான் பூசணியின் உயிர் என்பேன். குழாயிலிருந்து தட்டிப் பிரித்த வாயின்மேல் இன்னொருவர் புதிதாக ஒரு சொட்டு உருகிய கண்ணாடியைக் கொண்டுவந்து இறக்குகிறார். இடுக்கியால் அதைப் பிடித்து மேலே இழுத்து, ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கி, கம்பியை உருவிவிட வேண்டும். சில விநாடிகள்தான் அவகாசம். அதற்குள் முறுக்கியது முறுக்கியதுதான். பிறகு ஐந்நூறு டிகிரியை ஒட்டிய சூட்டறையில் வைத்து மணிக்கணக்காக மெல்லமெல்ல ஆறவிடுகிறார்கள். தண்டு தடிமன், உடல் மெல்லியது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஆறினால் சந்திப்பில் விரிசல் விட்டுவிடும். நிறக்கண்ணாடியும் நிறமற்றதும் ஒரே அளவில் விரிந்து சுருங்குகிறவையாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டாயம். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்து அலமாரியில் இருக்கும்போதுகூட வெடிக்கும்.

சனிக்கிழமை காலை கதையே வேறு. பத்து மணிக்குத் திறப்பு. நாங்கள் போகும்போதே வரிசை புல்வெளியைச் சுற்றிவிட்டது. முந்தைய மாலை பார்த்துவைத்த பூசணி எந்த மூலையில் இருக்கிறது என்று பலருக்கும் மனப்பாடம். திறந்ததும் நேராக அதை நோக்கிப் போகிறார்கள். வேகமாகத்தான், ஆனால் ஓடவில்லை. காலடியில் கண்ணாடி என்ற நினைவு எல்லோருக்கும் இருந்தது. எனக்கு முன்னால் போன ஒரு மூதாட்டி கையிலெடுத்த பச்சைப் பூசணியைப் பக்கத்தில் நின்ற இளைஞர் ஏக்கத்தோடு பார்க்க, மூதாட்டி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு அதை அந்த இளைஞரிடமே கொடுத்துவிட்டார்.

அண்ணி நேராக நீலத்திடம் போனார். "நவராத்திரிக்குக் கொலுவில் செட்டியார் கடைப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். நீ என்ன எடுக்கிறாய்?" என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "பெரிதாக எடுக்காதே. ஊருக்குக் கொண்டுபோக வேண்டாமா?" என்றார். சரியான பேச்சு.

நான் தேடியது பொன் கலந்த சிவப்பு. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல இந்த ஊரின் பழைய கதைக்குப் போக வேண்டும்.

இந்தப் புல்வெளியிலிருந்து நடந்தே போகக்கூடிய கிழக்கு கேம்பிரிட்ஜில் 1818இல் நியூ இங்கிலாந்து கண்ணாடி நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் சிறந்த கண்ணாடித் தொழிற்சாலைகளில் ஒன்றாக எழுபது ஆண்டுகள் நடந்தது. அங்கே ஜோசப் லாக் என்ற வடிவமைப்பாளர் 1883இல் ஆம்பெரினா என்ற கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். தேன் நிறக் கண்ணாடிக் கலவையில் துளி பொன்னைச் சேர்த்து, பாத்திரத்தின் ஒரு பகுதியை மட்டும் மறுபடி சூடேற்றினால் அந்தப் பகுதி மட்டும் மாணிக்கச் சிவப்பாக மாறிவிடும். ஒரே கண்ணாடி, கீழே தேன், மேலே சிவப்பு. எங்கே நிறம் மாறவேண்டும் என்பதை உலைவாயில் நிற்கும் கைதான் தீர்மானிக்கிறது.

எரிபொருள் விலையும் வேலைநிறுத்தமும் சேர்ந்து நெருக்க, உரிமையாளர் எட்வர்ட் லிபி 1888இல் கேம்பிரிட்ஜ் உலைகளை மூடிவிட்டு ஒஹையோவின் டொலீடோவுக்குத் தொழிலையே பெயர்த்துக்கொண்டு போனார். அங்கே மலிவான இயற்கை எரிவாயு கிடைத்தது. தொழிலாளர்களில் பலரும் கூடவே போனார்கள். லிபி அந்த ஊரில் 1901இல் ஒரு கலை அருங்காட்சியகத்தையும் நிறுவினார்.

அதே அருங்காட்சியக வளாகத்தில், ஒரு கொட்டகையில், 1962 மார்ச்சில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலை ஆசிரியர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பயிலரங்கு நடத்தினார். தொழிற்சாலை இல்லாமல், ஒரு கலைஞர் தன் சொந்தச் சின்ன உலையில் கண்ணாடி ஊத முடியுமா என்பதுதான் கேள்வி. முதலில் உருக்கிய கலவை சரிவரவில்லை. டொமினிக் லபினோ என்ற ஆய்வாளர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளை உருக்கும்படி சொன்னார். அது உருகியது. ஆனால் ஊதத் தெரிந்தவர் யாருமில்லை. அப்போதுதான் லிபி நிறுவனத்தில் ஊதி ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்ற முதியவர் அங்கே வந்து குழாயைக் கையிலெடுத்துச் செய்து காட்டினார்.

அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். கேம்பிரிட்ஜிலிருந்து போன நிறுவனம், அதன் பட்டறையில் பழகிய ஒருவர், அவரிடமிருந்து பார்த்துக் கற்ற ஆசிரியர்கள். லிட்டில்டன் பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக் கலையைப் பாடமாக்கினார். அங்கே படித்த டேல் சிஹூலி, பாஸ்டனிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பிராவிடன்ஸுக்கு வந்து கலைக்கல்லூரியில் கண்ணாடித் துறையைத் தொடங்கினார். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உலைமுன் நிற்கும் மாணவர்கள் பலரின் பாடம் அந்தக் கொட்டகையில்தான் தொடங்குகிறது. புத்தகத்தில் படித்துக் கற்க முடியாத வேலை இது. ஒருவர் கையை இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். எந்திரம் நொடிக்கு எத்தனை பாட்டில் ஊதினாலும் இந்தப் பூசணிகளுக்காக மனிதர்கள் வரிசையில் நிற்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பொன்சிவப்பு கிடைத்தது. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரியது. கீழ்ப்பாதி வெளிர் இளஞ்சிவப்பு, தண்டை நெருங்க நெருங்க அடர்த்தி. வரிகள் நேராக இறங்காமல் லேசாக ஒருபுறம் சாய்ந்திருக்கின்றன. அச்சிலிருந்து எடுத்த பிறகு யாரோ குழாயை ஒரு திருகு திருகியிருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தோள்பக்கத்தில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழ். பொதிந்து தந்த மாணவியிடம் அதைக் காட்டினேன். வேறு வேண்டுமா என்று கேட்டார். இதுதான் வேண்டும் என்றேன். தண்டு போடும்போது எப்போதும் இருவர் வேண்டும் என்றும், யார் செய்தது என்று ஒரு பெயரைச் சொல்வது அதனால் கடினம் என்றும் சொன்னார். கூடத்தின் ஆரம்ப வகுப்புக்கு இடங்களைவிட ஆசைப்படுகிறவர்கள் பல மடங்கு. குலுக்கலில்தான் இடம் ஒதுக்குகிறார்களாம்.

மதியம் கிழக்கு கேம்பிரிட்ஜின் லெச்மியர் வரை நடந்தோம். பழைய தொழிற்சாலை இருந்த பகுதியில் இப்போது குடியிருப்புகளும் வணிக வளாகமும்தான். பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஆனால் பையில் பூசணியோடு அந்தத் தெருவில் நடக்க எனக்கு ஆசையாக இருந்தது, நடந்தேன். அண்ணியும் முகம் சுளிக்காமல் கூட வந்தார்.

மறுநாள் ஹார்வர்டின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடிப் பூக்களையும் பார்த்துவிட்டோம். ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே லியோபோல்ட் பிளாஷ்கா, ருடால்ஃப் பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் 1887 முதல் 1936 வரை தாவரவியல் பாடத்துக்காகச் செய்த ஆயிரக்கணக்கான மாதிரிகள். முந்திரிக் கிளையைக் கண்ணாடி என்று நம்பக் கண் மறுக்கிறது. அது விளக்குச் சுடரில் இழைத்துச் செய்யும் வேறு வகை வேலை. வியந்தேன், வணங்கினேன். என் மனம் என்னவோ பூசணிகளிடம்தான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளி மாலையைத் தவறவிடாதீர்கள், அதுதான் கண்காட்சி. சனிக்கிழமை பத்து மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். மதியத்துக்குள் நல்லவை போய்விடும். கனமான துணிப்பை கொண்டுபோங்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள் பூசணியைப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம், கைப்பையில் தண்டைச் சுற்றித் தனியாக ஒரு துண்டைச் சுருட்டிவைத்துக் கொண்டுவாருங்கள். உடைந்தால் முதலில் உடைவது தண்டுதான்.