காற்று திரும்பும்போது பிள்ளைகளோடு செய்கிற வேலைகள்

பெரியவனின் பாடப் புத்தகத்தில் இலையுதிர் காலம் என்றால் சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டிக் கிடக்கிற ஒரு படம். வகுப்பில் காகிதத்தில் அந்த இலைகளை வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள், அவனும் ஒட்டுகிறான், நல்லதுதான். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் மண்டபம் கரையில் பனையும் தென்னையும் உடைமரமும்தானே இருக்கிறது. இங்கே பருவம் மாறுவதை மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, காற்றைப் பார்க்க வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும்தான் நம்முடைய கூதிர்காலம், அதை வரவேற்க நம்மிடமே எவ்வளவோ இருக்கிறது. பிள்ளைகள் சின்ன வயதிலேயே அதை அனுபவிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஆனி, ஆடி, ஆவணி முழுக்கக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும். அப்போது தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா குளம் மாதிரி கிடக்கும். புரட்டாசி கடைசியில் காற்று தடுமாறும். வாடை இறங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ், வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிவிடும். நிலம் இங்கே இவ்வளவு குறுகலாக இருப்பதால் ஒரே சாயங்காலத்தில் இரண்டு கடலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம், எந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இது!

போகும்போது ஓலைக் காத்தாடி இல்லாமல் போவதில்லை. பனை ஓலையில் இரண்டு கீற்றுக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோத்து, நடுவில் ஒரு உடைமுள்ளைக் குத்திக் குச்சியில் செருகினால் முடிந்தது. முள் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கிக் குத்தினால் சுற்றாது. குத்துகிற வேலை மட்டும் என் மாமியாருடையது. சின்னவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும், "அப்பத்தா, காத்து அங்கிட்டு இருந்து வருது" என்று ஒரே கத்தல். திசை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். எங்கள் மாவட்டத்துக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு இதுதான். உள்ளே முதுகுளத்தூர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கண்மாய் நிறைந்தால்தான் சோறு. அதனால் மழையைச் சனியன் என்று எங்கள் வீட்டில் யாரும் திட்டக் கூடாது, பிள்ளைகள் உட்பட. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று அப்பத்தா சொன்னதிலிருந்து, பெரியவன் சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து தட்டானையே பார்க்கிறான்.

அப்புறம் பனங்கொட்டை புதைப்பது. என்னைக் கேட்டால் இந்தப் பருவத்தின் பெரிய திருவிழாவே இதுதான். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். அதிகாலையில் மரத்தடிக்குப் போனால் வாசனையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுட்டுச் சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு முகமெல்லாம் மஞ்சள், பல்லிடுக்கெல்லாம் நார். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலதில் இரண்டு, அபூர்வமாக ஒன்று. உடைப்பதற்கு முன்னால் எத்தனை என்று பந்தயம் கட்டுவார்கள்.

சேர்த்து வைத்த கொட்டைகளை முதல் மழையையொட்டிப் புதைப்போம். குழி தோண்ட வேண்டாம். தரைக்கு மேலே மணலைக் கொட்டி மேடாகப் பாத்தி கட்டி, அதில் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு மூட வேண்டும். முளை மேலே வராமல் முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும், கிழங்கும் அங்கேதான் திரளும், அதனால்தான் அடியில் அவ்வளவு பொலபொலவென்று மணல் வேண்டும். இடையில் ஓரமாக ஒன்றிரண்டு கொட்டையை மட்டும் தோண்டி வெட்டிப் பார்ப்போம். உள்ளே வெள்ளையாக, பஞ்சு போன்ற தவுன் இனிப்பாக இருக்கும், அதற்கு வீட்டில் சண்டையே நடக்கும். மற்றதெல்லாம் தை வரை பொறுக்க வேண்டும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்குக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு படிப்புத்தான்.

கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சுக்கு, ஏலம், கொஞ்சம் வறுத்த பாசிப்பயறு. பிசைந்ததைக் குருத்தோலையில் அடைத்துக் கட்டி அவித்தால் ஓலை மணம் மாவில் ஏறிவிடும். சின்னவளுக்கு அகலில் திரி போடுகிற வேலை, பெரியவனுக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை. வாடைக் காற்றில் விளக்கு நிற்காது, திண்ணை மூலையிலும் சுவர் மறைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிப் பக்கம் போய்ப் பூநாரை வந்திருக்கிறதா என்று பார்ப்போம். அந்த இடத்தை 2025ல் பூநாரைகளுக்கான சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள்.

இந்த வருஷப் பாத்திக்கு மணல் கொட்டியாயிற்று, ஆடு கிளறாமல் சுற்றி முள்ளும் வெட்டிப் போட்டாயிற்று. கொட்டை ஒரு சாக்கு மிச்சம் இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போங்கள்.