வதைப் படலம்

எங்கள் பாடசாலை மலர்க்குழுத் தம்பி வட்ஸ்அப்பில் கேட்டபோது கிரிக்கெட்டைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் சொல்லியிருந்தேன். ஏற்கெனவே நாலு பேர் கிரிக்கெட் எழுதிவிட்டார்களாம். ஆசிச் செய்தி இருபது பக்கம், விளம்பரம் நாற்பது பக்கம், இடையில் எங்களுக்கு ஆளுக்கு மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்தில் எதைக் கொட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் எங்கள் விஞ்ஞான சேரின் மரணச் செய்தி வந்தது. குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டுவிட்டு இரவு வேலைக்குப் போனேன்.

பெயர் எழுதவில்லை. எங்கள் 1981 ஏ.எல். (உயர்தர வகுப்பு) அணிக்கும் அதற்கு முன்பின் பத்து வருடக்காரருக்கும் ‘படலம்’ என்றால் போதும்.

பட்டம் வந்த கதை தெரியாதவர்களுக்காக: எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் எடுக்க வந்தவர், கொப்பியில் ‘பிலிம்’ என்று எழுதியவனை எழுப்பி, “தமிழிலை படிக்கிறாய், தமிழிலை எழுது. படலம்” என்றார். அந்தக் கிழமை தமிழ்ப் பாடத்தில் கம்பன் ஓடிக்கொண்டிருந்தான். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல், “எந்தப் படலம் சேர், கும்பகருணன் வதைப் படலமோ?” குரல் யாருடையது என்பது அன்றைக்கும் பிடிபடவில்லை, இன்றைக்கும் நான் சொல்லப்போவதில்லை. அன்றோடு அவர் படலம். அவர் பிரம்பை எடுத்தால் வதைப் படலம்.

என்னுடைய வதைப் படலம் 1976இல் நடந்தது. அதில் பிரம்பு இல்லை.

எனக்கு அப்போது பிலிம் துண்டு வியாபாரம். யாழ்ப்பாணத்தில் ராஜாத் தியேட்டரிலோ மனோகராவிலோ ஓடுகிற படம் அறுந்தால் சனம் விசிலடிக்கும், கதிரையைத் தட்டும். கலரியில் இருந்த எனக்கு மட்டும் சந்தோஷம். அறுந்த இடத்தில் இரண்டு மூன்று படத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒப்பரேட்டர் ஒட்டுவார். எறிந்தது அடுத்தநாள் கூட்ட வருகிற ஆச்சியின் கடகத்துக்குப் போகும். அங்கேயிருந்து பத்துச் சதத்துக்கு எனக்கு. வகுப்பில் நான் இருபத்தைந்துக்கு விற்பேன். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஒரே விலைதான் வைத்தேன், இல்லாவிட்டால் கடைசி வாங்கில் இரத்தம் ஓடியிருக்கும். இரண்டு வாங்கினால் ஒரு நம்பியார் சும்மா.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்களும் செய்தவர்கள்தான். பியூஸ் போன பல்ப்பின் அடிப்பக்கத்துக் கறுப்பை ஆணியால் நொருக்கி, உள்ளுக்கு இருக்கிற கம்பியைக் குலுக்கி எடுத்து, தண்ணீர் நிரப்பி, கதவு நீக்கலால் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே எறிந்து, துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் அப்புவின் வேட்டியில் கதாநாயகன் நேராக நிற்பான். அசையமாட்டான். கையை ஆட்டினால் வேட்டி முழுக்க வழுக்கிக்கொண்டு போவான். அதற்கே அறைக்குள் பத்துப் பேர்.

அன்று இடைவேளை மணிக்கு முதல் சேரிடம் பிடிபட்டேன்.

“உதென்னடா பொக்கற்றுக்குள்ளை? கொண்டா பாப்பம்.”

மேசையில் கொட்டினேன். எண்ணச் சொன்னார். எண்ணினேன். எல்லாமாக 60 படம்.

“செக்கனுக்கு 24 படம் ஓடும். அப்ப உன்னட்டை எவ்வளவு நேரத்துப் படம் கிடக்கு?”

எனக்குக் கணக்கு வரவில்லை. வகுப்புக்குத் தெரிந்திருந்தது, ஒருவனும் சொல்லவில்லை.

“ரண்டரைச் செக்கன். ரண்டரைச் செக்கனைத் துண்டு துண்டா வித்து ஊருக்கு றீல் விடுறாய்.”

வகுப்பு சிரித்தது. அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஒபிஸிலிருந்து ஊசியும் நூலும் எடுப்பித்து, ஓரத்து ஓட்டைகளுக்குள்ளால் கோர்க்கச் சொன்னார். ஒரு படத்துக்கு ஒரு பக்கத்தில் நாலு ஓட்டை. விளிம்பு நகக்கண்ணை வெட்டும். இடைவேளை முழுக்க இருந்து கோர்த்தேன். அடுத்தநாள் காலை, தேவாரம் முடிந்து அறிவித்தல் வாசிக்க முதல், அந்த மாலையைக் கழுத்தில் போட்டு மேடையில் நிற்கவைத்தார். பெரிய ஹோலின் கிழக்கு யன்னல் வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். அது நேரே என் நெஞ்சில் விழுந்தது. வெள்ளைச் சேட்டில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். முன் வரிசைச் சின்னன்கள் எம்பி எம்பிப் பார்த்து, “உது எம்.ஜி.ஆரடா” என்று முணுமுணுத்தார்கள். அந்த வரிசையில் ஏழாவது ஆள் என் தம்பி. அவன் மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டிலும் அவன் சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றி அவன் கதைத்ததே இல்லை.

ஏ.எல்.லுக்கு நான் இரசாயனம் எடுத்தது அவரைப் பிடித்ததால் என்று யாரும் நினைக்கவேண்டாம். உயிரியலுக்கு அது கட்டாயம். 1980இல் ஒருநாள் ஆய்வுகூடத்தில் சவர்க்காரப் பேணி ஒன்றோடு வந்தார். திறந்தார். உள்ளே என்னுடைய துண்டுகள், நூல் உருவப்பட்டு, அடுக்கி. என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அது கையில் கிடந்த மாதிரிப்பொருள், அவ்வளவுதான்.

எங்கேயோ தேடிப்பிடித்த மிகப் பழைய துண்டு ஒன்றும் வைத்திருந்தார். முதலில் அதை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். ‘புஸ்’ என்றொரு மஞ்சள் சுவாலை, இடுக்கியில் ஒன்றும் மிஞ்சவில்லை. “செலுலோசு நைத்திரேற்று. வெடிபஞ்சுக்குச் சொந்தக்காரன். ஒட்சிசன் உள்ளுக்கை இருக்கிறதாலை தண்ணிக்குள்ளை போட்டாலும் எரியும். ஆரம்பத்திலை எல்லாப் படமும் இதிலைதான். கொட்டகையள் எரிஞ்சது சும்மாவே?” பிறகு என்னுடையதை எடுத்தார். அது சுருண்டது, உருகிச் சொட்டியது, சுவாலையை எடுத்ததும் அணைந்தது. “இது அசற்றேற்று. விளிம்பிலை ‘சேஃப்ரி’ எண்டு எழுதியிருக்குப் பார். இது எரியாது, புளிக்கும். வெக்கையும் ஈரமும் பட்டா அசற்றிக்கமிலம் கழரும். கழருற அமிலம் இன்னும் கொஞ்சத்தைக் கழட்டும். பேணியைத் திறந்தா வினாகிரி மணக்கும். ஒரு பேணி பழுதானா பக்கத்துப் பேணியும் போகும். குளிரிலை, ஈரமில்லாமல் வைச்சாத்தான் நிக்கும். எங்கட ஊரிலை எங்கை குளிர்?”

அதற்குப் பிறகு சொன்னதை நான் கொப்பியில் எழுதவில்லை. ஆனால் அதுதான் நினைவில் நிற்கிறது. “பிலிம் எண்டால் படம் எண்டு நினைக்கிறியள். படம் பிந்தி வந்தது. மெல்லிசாப் படர்ந்து கிடக்கிறது எல்லாம் படலம். பாலிலை ஆடை படலம். கண்ணிலை பூக்கிறது படலம். இதிலை வெள்ளி உப்பை ஜெலற்றினிலை கலந்து பூசியிருக்கு. படலத்தின்ரை வேலை ஒண்டுதான், தன்னட்டை வந்ததை அசையவிடாமல் பிடிச்சிருக்கிறது.”

அசையாத கதாநாயகனை விற்றவனுக்குச் சொன்ன குத்தல் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

1984இல் வெளிக்கிட்டேன். பயணத்துக்கு முதல் கிழமை வின்சர் தியேட்டருக்கு முன்னால் அவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். போஸ்ரர் பார்க்கிறவன்போலத் திரும்பிக்கொண்டேன். என்ன படம் என்று இப்போதும் தெரியாது. படத்தைப் பார்க்கவில்லை, சைக்கிள் செயின் சத்தம் கடக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

ரொறன்ரோவில் முப்பது வருடமாக எனக்கு மருந்துக் களஞ்சியத்தில் வேலை, அதிலும் குளிரறை. ஊரில் உயிரியல் படித்துத் துரையாக வரவேண்டியவன், பாகை 2க்குக் கீழே போகாமலும் 8க்கு மேலே ஏறாமலும் தடுப்பூசிப் பெட்டிகளைக் காவல்காக்கிறேன். கோவிட் காலத்தில் சைபருக்குக் கீழே 70 பாகையில் கிடந்த பெட்டிகளும் வந்தன. தடித்த கையுறை போட்டுத் தூக்கிய அந்த இரவுகளில் சேரின் ‘எங்கை குளிர்’ அடிக்கடி காதில் விழுந்தது. குளிர் இங்கே, சேர். தேவைக்கு மேலே கிடக்கிறது.

அதற்கான பதிலை அவர் எப்போதோ தானே கண்டுபிடித்திருந்தார் என்பது எனக்கு மச்சாள் சொல்லித்தான் தெரியும். மச்சாள் ஊரில் மருத்துவமாதுவாக இருந்தவ. 1990க்குப் பிறகு யுத்தத்தால் கரண்ட் இல்லாத வருடங்களில் அவவின் கிளினிக்கில் ஒரு மண்ணெண்ணெய்ப் பிரிஜ். கீழே விளக்கு எரிந்தால்தான் மேலே குளிரும்: சூட்டில் அமோனியா தண்ணீரை விட்டுக் கழன்று, சுற்றிப் போய், குளிரைத் தந்துவிட்டுத் திரும்பிவந்து தண்ணீரில் கரையும். திரி ஒழுங்காக நின்று சுவாலை நீலமாக எரியவேண்டும். மஞ்சளானால் புகை, புகைபோக்கி முழுக்கக் கரி, பிறகு பிரிஜ் வெறும் அலுமாரி. போலியோ சொட்டுமருந்துதான் வெக்கைக்கு முதலில் சாகும். சனம் ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்துப் படித்த காலம் அது.

“உங்கட மாஸ்ரர் கிழமைக்கு ரண்டு தரம் வருவார்,” என்றா மச்சாள். “ஆரும் கூப்பிட்டு வந்ததில்லை. சேட்டைக் கழட்டி வைச்சிட்டு, நிலத்திலை படுத்து, கம்பியிலை சீலை சுத்திப் புகைபோக்கியைத் துடைப்பார். எழும்பேக்கை முகமெல்லாம் கரி. தேத்தண்ணி குடுத்தா சீனி வேண்டாம் எண்டுவார், சீனி விக்கிற விலைக்கு. சுவாலை நீலமா நிண்டாப் பிறகுதான் போவார்.”

95இல் யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் ஓடியபோது அவரும் சாவகச்சேரிப் பக்கம் போய், அடுத்த வருடம் திரும்பிவந்தாராம். அந்த வருடங்களில் நான் ஸ்காபரோவில் வீடியோக் கசெற் வாடகைக்கு எடுத்துப் பழைய படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் ஊரை மறக்காமல் இருப்பது என்று நினைத்திருந்தேன்.

ஹமில்ரன் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். அங்கே மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் தடுப்பு மருந்தைச் சீனியில் கலந்து மெல்லிய படலமாகக் காயவைத்திருக்கிறார்கள் என்ற செய்தியை 2019இல், வேலை இடைவேளையில் வாசித்தேன். இரண்டு பொருள். ஒன்று புல்லுலான், வாய் மணக்க நாக்கில் வைத்துக் கரைக்கிற அந்த மெல்லிய தாள் செய்கிற சாமான். மற்றது திரெகலோசு, காளானிலும் ஈஸ்ட்டிலும் இருக்கிற சீனி. தண்ணீர் போகப் போகச் சீனி கண்ணாடிபோல இறுகுகிறது. வைரஸ் அதற்குள் அகப்பட்டு, வெக்கை பட்டாலும் குலைய இடமில்லாமல் இருந்த இருப்பில் நிற்கிறது. 40 பாகையில் வைத்துப் பார்த்ததில் ஹெர்ப்பிஸ் தடுப்பு மருந்து ஒன்று இரண்டு மாதமும் இன்ஃபுளுவென்சா மருந்து மூன்று மாதமும் பழுதாகவில்லை, எலிகளுக்குக் கொடுத்தபோது வேலை செய்தது. தேவையானபோது தண்ணீர் விட்டுக் கரைத்தால் சரி. டெக்சாஸிலும் இதே போக்கில் ஒரு குழு. அம்பருக்குள், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசினுக்குள், அகப்பட்ட பூச்சி எத்தனையோ யுகம் கெடாமல் கிடப்பதை ஒரு விவரணப் படத்தில் பார்த்துத்தான் அவர்களுக்கு யோசனை வந்ததாம். படத்திலிருந்து படலம். சேர் சொன்ன ஒழுங்குக்கு நேர்மாறு.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே இருந்தேன். சினிமாப் படலத்தைக் காப்பாற்றக் குளிர் வேண்டும். இந்தப் படலம் மருந்தைக் குளிரிலிருந்தே விடுவிக்கப் பார்க்கிறது. தன்னட்டை வந்ததை அசையவிடாமல் பிடிச்சிருக்கிறது. இது எங்கள் குளிரறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் எனக்கு வேலை போகும், அது வேறு கதை.

அவரைக் கூப்பிட இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. 2021இல் மச்சாளிடம் நம்பர் வாங்கினேன். குரல் மெலிந்திருந்தது, உச்சரிப்பு அப்படியே. பெயர் சொன்னேன், வருடம் சொன்னேன், அப்பாவின் கடையைச் சொன்னேன். கடைசியில், வேறு வழியில்லாமல், “பிலிம் துண்டு மாலை போட்டு ஹோலிலை ஏத்தி விட்டனீங்கள் சேர், அவன்தான்” என்றேன்.

“பிலிம் மாலையோ? நானோ?” கொஞ்சம் யோசித்தார். “நினைவில்லைத் தம்பி. எத்தினை பெடியள். நீர் எந்த பட்ச் எண்டனீர்?”

நாற்பத்தைந்து வருடம் கழுத்தில் கிடந்த மாலை. போட்டவருக்கு அது தெரியாது. சிரிப்பா வேறொன்றா என்று தெரியாத ஒன்று தொண்டையில் வர, கதையை மாற்றிச் சீனிப் படலத்தைச் சொன்னேன். அங்கே ஆள் நிமிர்ந்து இருந்தது எனக்குக் கேட்டது. எத்தனை பாகை என்றார். என்ன சீனி என்றார், பெயரை இரண்டு தரம் சொல்லுவித்தார்.

“அப்ப மண்ணெண்ணெய் தேவையில்லை.”

“இல்லைச் சேர்.”

“சுவாலையும் பாக்கத் தேவையில்லை.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒண்டு கேக்கிறன். சீனி எண்டால் ஈரம் இழுக்குமெல்லோ. எங்கட ஊர் மாரிக்கு அந்தப் படலம் நிக்குமோ? வாசிச்சுப் பாத்துச் சொல்லும்.”

வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வீட்டுப்பாடம் தந்தால் மற்ற நாளைக்கு முடிந்திருக்கவேண்டும் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அடுத்த கிழமை என்றிருந்தேன், பிறகு நத்தார் லீவு என்றிருந்தேன், பிறகு ஊருக்குப் போகும்போது நேரே சொல்லலாம் என்றிருந்தேன். போகவில்லை.

போன கிழமைதான் உட்கார்ந்து வாசித்தேன்.

ஈரம் இழுக்கும், சேர். ஈரம் ஏறினால் அந்தக் கண்ணாடி இளகும். இளகினால் உள்ளே இருக்கிறது அசையத் தொடங்கும். ஈரம் புகாத உறைக்குள் போட்டு ஒட்டித்தான் வைக்கவேண்டும்.