"சும்மாத்தான் இருக்கேன்"

பொருளாதாரம் படித்துவிட்டு, பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒப்பந்தக் களப்பணியாளராகச் சேர்ந்து, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் அலைந்த காலம் ஒன்று உண்டு.

ஒரு வீட்டில், "போன ஒரு வருஷமா என்ன வேலை பாக்கீங்கக்கா?" என்று கேட்டேன். "என்ன வேலை, வீட்டுல சும்மாத்தான் இருக்கேன் தம்பி."

சும்மா இருந்தால் கோட் 92, அதாவது வீட்டு வேலை மட்டும். அதைத் தட்டிவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடலாம், அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி வேறு. ஆனால் அந்த அக்கா கையில் சாணி ஈரம் காயவில்லை, பின்னால் தொழுவத்தில் இரண்டு மாடு. பால் கறப்பது யார்? நான்தான். சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது? அதுவும் நான்தான். சரி, பணம்? "அட்டை அவுக பேருலல்லா இருக்கு."

அப்படியானால் கோட் 21. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். பெரும்பாலான நேரம் அடுப்படியிலேயே போனாலும், வருஷத்தில் 30 நாளாவது இப்படிப் பாடுபட்டிருந்தால் அது துணைத் தொழிலாகப் பதிவாகும், அவரும் வேலை செய்பவர் கணக்கில் வந்துவிடுவார். நான் மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்காமல் போயிருந்தால் வந்திருக்க மாட்டார். 'உதவியாளர்' என்ற சொல்லும் எனக்கு உறுத்தியது (அந்த வீட்டில் யார் யாருக்கு உதவி?), ஆனால் டேப்லெட்டில் அதற்கு வேறு கட்டம் இல்லை.

இதே கணக்கெடுப்பின் அறிக்கைப்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியப் பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். ஆறே வருஷத்தில் இவ்வளவு ஏற்றம். பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம், குடும்பம் கஷ்டத்தில் இருப்பதால்தான் இறங்கியிருக்கிறார்கள் என்று இன்னொரு கூட்டம். நான் அந்த அறிக்கையைத் திறந்தால் முதலில் போவது, யார் மாதச் சம்பளம், யார் கூலி, யார் சொந்தத் தொழில் என்று பிரித்துக் காட்டும் அட்டவணைக்குத்தான். கூடியதில் பெரும்பங்கு கிராமத்தில், அதுவும் சுயதொழிலில், அந்தச் சுயதொழிலுக்குள்தான் கோட் 21உம் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் புதிதாக மாடு வாங்கினார்கள், எத்தனை பேர் முன்பு 'சும்மா' என்று பதிவானவர்கள் என்பதை அந்த அட்டவணையை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்காக எண்ணே பொய் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. சுமார் 1 லட்சம் வீடுகளில் ஏறி இறங்கிக் கேட்டது அது, டீக்கடையில் உட்கார்ந்து அடித்துவிட்டதல்ல.

கிளம்பும் நேரத்தில் அந்த அக்காவின் கணவர் வந்தார். என்ன எழுதினேன் என்று கேட்டார். "அக்கா மாடு வளர்த்துப் பால் ஊத்துறாங்கன்னு எழுதியிருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

"அது ஒரு வேலையா? அவ வீட்டுலதான இருக்கா" என்றார். நான் திருத்தவில்லை.