பாட்டியின் பேச்சும் ஒரு டைம்லைனும்

மார்ச் 3, திங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தைப் பற்றிப் பேசியதைக் கைப்பேசியில் நான்கு நிமிடம் எடுத்து வைத்திருந்தேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் திரையில் போட வேண்டும். இன்றுதான் அதை, காணொளியை வெட்டி ஒட்ட உதவும் பிளெண்டர் மென்பொருளில் இறக்கினேன். இறக்கியதும் தலைவலி. பாட்டியின் குரல் நான்கு நிமிடத்தில் முடிகிறது, படமோ ஐந்து நிமிடம் ஓடுகிறது. உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

காரணம் பிடிபட இரவு பதினொன்று ஆனது. கைப்பேசி நொடிக்கு 30 ஃப்ரேம் எடுத்திருக்கிறது, என்னிடம் உள்ள பழைய வெர்ஷன் 24-இல் நிற்கிறது. 7,200 ஃப்ரேமையும் 24-ஆல் வகுத்தால் 300 நொடி! 30 ஆக மாற்றிவிட்டு கிளிப்பை மறுபடியும் இறக்கினேன். சேர்ந்துகொண்டது.

மார்ச் 5, புதன்

மௌஸைத் தள்ளி வைத்துவிட்டேன். ஸ்பேஸ் அழுத்தினால் ஓடும், நிற்கும். அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் ஒரு ஃப்ரேம் நகரும். 'கே' தட்டினால் அந்த இடத்தில் வெட்டு. படத்தையும் ஒலியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மட்டும் வெட்டுப்படும். மௌஸ் இருந்தவரை கண்தான் வேலை செய்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு பாட்டி மூச்சு வாங்கும் இடத்தைக் காதால் பிடித்துத் தட்டுகிறேன்.

வேண்டாத மௌனங்களை எல்லாம் எடுத்துவிட்டு, விழுந்த இடைவெளிகளை பேக்ஸ்பேஸால் மூடினேன். இரண்டு மணி நேரத்தில் நாற்பது வெட்டு. சந்தோஷமாகப் படுத்தேன்.

மார்ச் 8, சனி

பசியாறிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அது என் பாட்டி இல்லை.

"விடியிறதுக்கு முன்ன வெட்டணும்யா, வெயில் ஏறிட்டா பால் குறைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, அந்த இருட்டை நினைத்துப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகுதான் பெரட்டுக் களத்தைப் பற்றி, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் இடத்தைப் பற்றி, வரும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அவற்றைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிக்கொள்ள அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும், தாத்தா சம்பளத்தில் பத்து வெள்ளி எடுத்து அதில் கட்டியதையும் சொல்லும்போதும் அப்படித்தான். "பத்து வெள்ளி" என்று சொல்லி நிறுத்துவார். வீட்டில் அந்தப் பத்து வெள்ளி என்னவாக இருந்தது என்பது அந்த நிறுத்தத்தில்தான் தெரியும். அதைப் போய் நான் மூடிவிட்டேன்.

நல்லவேளை, வெட்டினாலும் கிளிப்பில் எதுவும் அழிவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. ஷிஃப்ட்டோடு சமக்குறியை அழுத்தி இடம் விட்டு, கிளிப்பின் ஓரத்தைத் தேர்ந்து 'ஜி' தட்டி இழுத்தால் மௌனம் அப்படியே திரும்பி வருகிறது, பின்னால் மின்விசிறிச் சத்தத்தோடு. வெறும் இடைவெளியாக விடக்கூடாது. ஒலி அறுந்து போனது போல் கேட்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று பழைய புகைப்படம். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாட்டி, இடுப்பில் அம்மா, காலடியில் பால் வாளி. அசையாத படத்துக்கு மெல்ல உயிர் கொடுக்க வேண்டும். அளவுப் பெட்டியின் மேல் சுட்டியை வைத்து 'ஐ' தட்டினால் பெட்டி மஞ்சளாகிறது, கீஃப்ரேம், அதாவது அந்த ஃப்ரேமில் இந்த அளவு என்ற குறி, விழுந்துவிட்டது என்று அர்த்தம். 180 ஃப்ரேம் தள்ளிப் போய் 1.15 ஆக்கி மறுபடியும் 'ஐ'. நடுவில் எங்கே நின்றாலும் பச்சை. ஆறு நொடிக்குள் படம் முகத்தை நோக்கிப் போகிறது. முதலில் 1.5 வைத்திருந்தேன், பாட்டியின் மேல் பாய்வது போல் இருந்தது.

கீஃப்ரேமைச் சும்மா விட்டால் அசைவு மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும். முகத்துக்கு அது சரி. கித்தா (ரப்பர்) மரங்கள் நிரை நிரையாக நிற்கும் படத்துக்கு ஒரே சீராகப் போக வேண்டும், நடந்து போகிறவர் பார்ப்பது போல. வளைகோட்டுப் பலகையில் (கிராஃப் எடிட்டர்) 'டி' (T) தட்டி நேர்கோடாக்கினேன்.

மார்ச் 15, சனி

பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். மரங்கள் வரும் இடத்தில் "கொஞ்சம் நிறுத்துய்யா" என்றார். ஸ்பேஸ் தட்டினேன். திரைக்குப் பக்கத்தில் வந்து, வலது ஓரத்து மரத்தில் விரலை வைத்து, "இதுல மங்கு கட்டலையே, பட்டை புண்ணாயிருச்சு போல" என்றார். மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம். இத்தனை நாள் அந்தப் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னதையும் பதிவு செய்துகொண்டேன். அந்த மரத்துக்கு இன்னும் 90 ஃப்ரேம் வேண்டும்.