காப்பகத்தில் கேள்விகள் மட்டும்

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் சின்ன மடற்குழு ஒன்றைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன், ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் மடல் போகும் குழு. பார்த்துக்கொள்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குப்பை மடல்களைத் தள்ளிவிடுவது, கடவுச்சொல் மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது, அவ்வளவுதான். நாற்பது பேர் இருக்கிறோம். பத்துப் பேர் வேலை செய்வார்கள், மீதிப் பேர் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார்கள்.

அந்தப் பத்துப் பேரில் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணன். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் பி.ஓ. கோப்பைச் சோதிக்கும்போது பன்மை வரி இல்லை என்று பிழை வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் ஒருமுறை வரும் கேள்விதான். கோப்பின் தலைப்பகுதியில், தமிழுக்கு இரண்டு வடிவம், எண் 1 என்றால் ஒருமை, மற்றதெல்லாம் பன்மை என்று சொல்லும் வரி ஒன்று இருக்க வேண்டும், அது விடுபட்டிருக்கும். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "இதை நாலு தடவை விளக்கமா எழுதிட்டேன்மா, பழைய மடல்களைத் தேடிப் பார்த்துட்டுக் கேட்கக் கூடாதா" என்று குழுவிலேயே எழுதிவிட்டார். "தேடினேன் அண்ணா, கிடைக்கவில்லை" என்று அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது. அதோடு ஆள் அமைதியாகிவிட்டார்.

எனக்கு உறுத்தியது, குழுவின் பழைய மடல்கள் சேரும் காப்பகத்தில் போய்த் தேடினேன். கேள்வி நான்கு தடவை இருந்தது, நான்கு வெவ்வேறு ஆட்கள் கேட்டது. பதில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை, நாலு தடவையும் அரைப்பக்கத்துக்கு உட்கார்ந்து எழுதியிருக்கிறார், நாலு தடவையும் ரிப்ளை பட்டனை அழுத்தியிருக்கிறார், அது கேட்டவருக்கு மட்டும் போயிருக்கிறது. கேட்டவரும் அவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் குழு யார் எதைக் கேட்டாலும் வாய் திறக்காத குழு!

ஏன் இப்படி ஆகிறது என்றால், குழு வழியாக வரும் மடலில் அனுப்புநர் இடத்தில் எழுதியவரின் முகவரிதான் இருக்கும், பெறுநர் இடத்தில் குழுவின் முகவரி. ரிப்ளை அழுத்தினால் மென்பொருள் முதலில் மடலில் பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரிப்ளை-டு என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் அனுப்புநருக்கே போகும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. குழுவுக்கும் போக வேண்டும் என்றால் ரிப்ளை ஆல் அழுத்த வேண்டும், அதுவும் கைபேசியில் ஒற்றை அம்புக்குறியை மட்டும் காட்டி மற்றதை மெனுவுக்குள் ஒளித்துவைக்கும் செயலிகளில் யார் போய்த் தேடுவது.

சரி, குழுவே ரிப்ளை-டு வரியில் தன் முகவரியைப் போட்டுவிட்டால் என்ன? எங்கள் குழு ஓடும் மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளில் அதற்கு ஒரு அமைப்பு உண்டு, பதில் போக வேண்டியது மடலை எழுதியவருக்கா, குழுவுக்கா, வேறு முகவரிக்கா என்று தேர்ந்தெடுக்கலாம். இத்தனை வருடமும் நான் அதைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கொள்கை. இது இணையத்தின் பழைய சண்டைகளில் ஒன்று. மின்மடல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இணைய ஆவணங்களில், 1982-ல் வந்த ஆர்எஃப்சி 822 இந்த வரியைக் குழு உரையாடலுக்கும் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது, 2001-ல் வந்த ஆர்எஃப்சி 2822 பதில் எங்கே வர வேண்டும் என்று மடலை எழுதியவர் சொல்லும் இடம் அது என்கிறது. ஆக இரண்டு கட்சிக்கும் கையில் சாட்சி இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி, குழு அந்த வரியைத் தொடக் கூடாது என்ற கட்சி. குழுவுக்குப் போக வேண்டியது தனியாளுக்குப் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம், தனியாளுக்குப் போக வேண்டியது குழுவுக்குப் போனால் திரும்ப அள்ள முடியாது என்பதுதான் நாங்கள் எப்போதும் சொல்லும் வாதம்.

அந்த வாதத்தில் ஓட்டை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுபடி அனுப்பலாம்தான், ஆனால் தவறியது தெரிந்தால்தானே அனுப்புவது? அண்ணனுக்குத் தெரியாது, கேட்டவருக்குத் தேவையில்லை, மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் அப்படி ஒரு பதில் இருந்ததே தெரியாது.

பெரிய குழுக்களை வைத்து நமக்கு முடிவு செய்ய முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்களின் குழுவில் ரிப்ளை ஆல்தான் வழக்கம், யார் பெயரையும் சிசி-யிலிருந்து எடுத்துவிடக் கூடாது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் குழுக்களில் குழுவுக்கு மட்டும் பதில் எழுத வேண்டும், தனிப் பிரதி வேண்டும் என்று கேட்காதவருக்கு அதை அனுப்பக் கூடாது. ஒரு இடத்துப் பழக்கத்தோடு இன்னொரு இடத்துக்குப் போனால் திட்டு நிச்சயம். எல்லோருக்கும் போவதில் உள்ள ஆபத்துக்கு மைக்ரோசாஃப்டில் 1997 அக்டோபரில் நடந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பெட்லாம் டிஎல்3 என்ற பட்டியலில் சுமார் 13,000 ஊழியர்கள். ஒருவர் என்னை இதிலிருந்து எடுங்கள் என்று எல்லோருக்கும் எழுத, என்னையும் என்னையும் என்று மற்றவர்கள் எழுத, கம்பெனியின் மடல் வழங்கிகளே திணறிப்போயின. நாங்கள் நாற்பது பேர். மாற்றிவிட்டேன்.

மாற்றியதும் எல்லாம் சுபமா என்றால் இல்லை. ஜிமெயிலில் நாமே குழுவுக்கு அனுப்பிய மடல் குழு வழியாகத் திரும்பி வரும்போது புதிய மடலாகக் காட்டாது, அதனால் போகவில்லை என்று நினைத்து ரெண்டு பேர் ஒரே பதிலை மூன்று தடவை அனுப்பினார்கள். இன்னொருவர் அலுவலக முகவரியிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார், அவர் சேர்ந்தது சொந்த முகவரியில், எல்லாம் என் ஒப்புதலுக்காக வரிசையில் கிடந்தன. தண்டர்பேர்ட் என்ற மடல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் குழுவுக்கு மட்டும் பதில் எழுதத் தனிப் பட்டனே உண்டு, மட் (Mutt) என்ற மடல் மென்பொருளில் அதற்கு எல் (L) எழுத்து, எந்தப் பட்டனை அழுத்துவது என்ற பாடு அவர்களுக்கு எந்தக் குழுவிலும் இல்லை. ரிப்ளை-டு வைக்காத மற்ற குழுக்களிலும் உதவும் என்று ஜிமெயில்காரர்களிடம் கணினியில் அமைப்புகளுக்குப் போய் இயல்பான பதில் முறையை எல்லோருக்கும் என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் செய்திருப்பார்கள்.

அண்ணன் தன் அனுப்பியவை பெட்டியைத் தோண்டி அந்த நாலு பதிலையும் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். மேலே அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி: "நான்தான்மா தப்பு." இப்போது யாராவது பன்மை வரி பற்றிக் கேட்டால் காப்பகச் சுட்டியைக் கொடுத்துவிடுகிறோம்.

அப்புறம், நான் பயந்ததும் நடந்தது. குழுவில் ஒருவர், மொழிபெயர்ப்பு மடல் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, அண்ணனுக்கு மட்டும் என்று நினைத்து, "அண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், ஞாயித்துக்கிழமை பத்திரிகை வைக்க வீட்டுக்கு வரலாமா" என்று எழுதி ரிப்ளை அழுத்திவிட்டார். நாற்பது பேருக்கும் போய்விட்டது. மனுஷன் பத்து நிமிடம் தவித்திருப்பார் போல, அடுத்த மடலில் பத்திரிகையையே படம் பிடித்து இணைத்து, எல்லோரும் அவசியம் குடும்பத்தோடு வரணும் என்று எழுதினார். ஏழு பேர் போனோம். அதில் நாலு பேரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரில் பார்த்தேன், பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அந்தப் பன்மை வரிப் பெண்.