பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம்

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் மூன்று வருடம் கேஷ் கவுண்டரில் இருந்தேன். காலையில் ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் செக்கானூரணி வரைக்கும் கண்ணை மூடியிருப்பேன். அதற்கு அப்புறம் முடியாது. நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் மஸ்கட்டில். மகளைக் கோவையில் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வில்லாபுரம் வீட்டில் நான் மட்டும்தான். ராத்திரிக்கு அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சியது. ஈசிஜி எடுத்தேன், குறை ஒன்றும் இல்லை. டாக்டர் "பதற்றம்தான்மா" என்று சொல்லி 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார். பர்ஸில் மடித்து வைத்தேன், போன் போடவில்லை.

2023 ஆகஸ்டில் முதியோர் பென்ஷன் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. அடுத்த மாதமே மகளிர் உரிமைத்தொகையும் வரத் தொடங்கியது. அதற்குப் பிறகு கிளையில் எந்நேரமும் பெண்கள் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் ஓர் அப்பத்தா. பென்ஷன் மாதம் ஒருமுறைதான் ஏறும். அவரோ திங்கட்கிழமை தவறாமல் வருவார். "வரவு போட்டுக் குடு தாயி." வாசலில் பாஸ்புக் அச்சடிக்கிற மெஷின் இருந்தது. அட்டையில் ஒட்டிய பார்கோடைக் காட்டி உள்ளே விட்டால் அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும். பல தடவை அவரை அங்கே அனுப்பியிருக்கிறேன். போவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் என் வரிசையில் வந்து நிற்பார்.

கைரேகை மெஷினுக்கு அவர் விரல் ஆகாது. வருடக்கணக்காக மல்லிகை எடுத்து, களை பறித்து ரேகை தேய்ந்து போயிருந்தது. பெருவிரலில் வாயால் ஊதி, முந்தானையில் துடைத்து, அழுத்திப் பார்ப்பார், மெஷின் ஏற்காது. கடைசியில் பாரத்தில் மை தொட்டுக் கைநாட்டு. மிச்ச மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வார். காதோரத்து வெள்ளை முடியில் அந்த ஊதாக்கறை எப்போதும் லேசாகத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 2,500 ரூபாய் குறைந்தது. கவுண்டரில் குறைந்தால் கைக்காசுதான் போட வேண்டும். பணம் பெரிதில்லை. ஆனால் விரல் மரத்துப் போனது, நோட்டுக் கட்டைப் பிரிக்க முடியவில்லை, மூச்சு தொண்டையோடு நின்றது. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மினி பஸ்ஸுக்காக அப்பத்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

"என்ன தாயி, கை இப்பிடி நடுங்குது?"

"ஒண்ணுமில்ல அப்பத்தா."

"ஒண்ணுமில்லாததுக்கா நடுங்கும்? தண்ணியக் குடி. பெறகு எண்ணு. பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் இங்கனதான் இருக்கேன்."

பணம் கொடுக்கிற சந்து வழியாகக் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெஷினுக்குப் பிடிபடாத அந்தப் பெருவிரல் வழுவழுவென்று இருந்தது. பிடியோ இறுக்கம். தண்ணீர் குடித்தேன். இரண்டு தடவை எண்ணினேன். 2,500 கிடைக்கவில்லை, நான்தான் போட்டேன். ஆனால் மூச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் கேட்டேன், வரவே இல்லாத வாரத்தில் எதற்கு இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று.

"ஊர்ல என்னயக் கெழவிம்பாங்க. அவரு இருந்தப்ப அவரு பொண்டாட்டி. எம் பேரச் சொல்லிக் கூப்புடுற எடம் இது ஒண்ணுதான் தாயி. நீதான கூப்புடுற."

பாஸ்புக்கைப் பார்த்து நான் சத்தமாக வாசிக்கிற பேர். பின்னால் நிற்கிறவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் கத்துவேன். அதற்காக ஒரு மனுஷி மினி பஸ் ஏறி வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரை மெஷினுக்கு அனுப்பிய திங்கட்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

"ஒம் பேரு என்ன தாயி?" என்றார். கிளையில் நான் மேடம். வீட்டில் அம்மா. சொன்னேன். வாய்க்குப் பிடிபட இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் வெளியே ஹாரன் கேட்டது.

அந்த வாரமே 14416-க்குப் போன் போட்டேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். எதிர்முனையில் ஒரு பெண் அவசரமே படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் போல நம்பரைப் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து போட்டுப் பேசுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல கூட்டம். வாசலிலிருந்தே என் பேரைச் சொல்லி ஒரு குரல். வரிசையே திரும்பிப் பார்த்தது. "வாங்க அப்பத்தா" என்றேன். பாஸ்புக்கை நீட்டினார். வரவு ஒன்றும் இல்லை. வாங்கிப் பிரித்து, முதல் பக்கத்தில் இருந்த பேரை முழுசாக, சத்தமாக வாசித்தேன்.