கரப்பான்: சீட்டில் எழுதாமல் விட்ட அளவு

‘காலை, இரவு தடவவும்.’ மருந்துச் சீட்டில் இருந்தது அவ்வளவுதான். எவ்வளவு, எத்தனை நாள், எதை முதலில் என்று ஒரு வரி கிடையாது. மருந்து சரியானதுதான். இரண்டு வயதுக் குழந்தையின் கரப்பான் (எக்ஸிமா) மாதக்கணக்கில் இழுத்ததற்கு அந்த வரி இல்லாததே காரணம்.

ஸ்டீராய்டு களிம்புக்கு விரல்நுனிக் கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி, அதாவது அரை கிராம். இந்த வயதில் ஒரு கை முழுக்கப் பரவியிருந்தால் ஒன்றரை விரல்நுனி, ஒரு காலுக்கு இரண்டு. ஸ்டீராய்டு என்றதும் பயந்து கடுகளவு தொட்டு வைத்து, சிவப்பு மங்கியதும் நிறுத்தினால் அடுத்த வாரமே திரும்பி வரும். நிறம் பார்த்து நிறுத்தக் கூடாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பு போயிருக்க வேண்டும். முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1% போன்ற மென்மையானதே போதும்.

ஈரப்பதக் கிரீமில் கஞ்சத்தனம் இன்னும் மோசம். உடல் முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரம் 125 முதல் 250 கிராம் வரை ஆகும். 50 கிராம் டியூப் வாங்கினால் கட்டாது, பெரிய டப்பாதான். வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சென்னை வெயிலில் பகலில் அதைப் பூசினால் வியர்த்து அரிப்பு கூடும். பகலுக்கு கிரீம், இரவுக்கு ஜெல்லி. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல், தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் பூசுவது. பயத்தமாவுத் தேய்ப்பு வேண்டாம். கிரீமுக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே இருபது நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

எனக்கு இன்னும் கோபம் தீராத இடம் மருந்துக்கடை. ‘அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்’ என்று நீட்டிய டியூபைத் திருப்பிப் படித்தால் குளோபெட்டசால், கூடவே பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை; குழந்தையின் கன்னத்துக்கு! இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், அதனால்தான் ஊரெல்லாம் நம்புகிறது. தொடர்ந்தால் தோல் மெலியும். டயபர் மூடும் இடத்தில் உடலுக்குள்ளும் அதிகமாக இறங்கும். சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே விதி வந்தாயிற்று. டியூபின் பின்பக்கம் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இரவு அரிப்புக்கு நகத்தை ஒட்ட வெட்டி, பருத்தி உடை, ஈரத்துணி ஒத்தடம். அரிப்பு சிரப் தூங்க வைக்குமே தவிர அரிப்பைப் பெரிதாகத் தணிப்பதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் கரப்பான் பண்டம் என்று பட்டியல் போடுவார்கள். கத்தரிக்காயும் கருவாடும் போனால் போகட்டும். பாலையும் முட்டையையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள், வளர்ச்சி அடிபடும்.

மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு என்றால் கிருமித் தொற்று, மருத்துவரிடம் காட்ட வேண்டும். துளையிட்டது போல ஒரே அளவில் சிறு புண்கள் கொத்தாகக் கிளம்பி, காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.